நடுவே நின்ற சர்வர்

"மொத்தம் எத்தனை மெயில் பாக்ஸ்?"

ஆலோசகர்கள் கேட்ட முதல் கேள்வி அதுதான். 2006 ஆகஸ்ட் மாதம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருந்த எங்கள் கம்பெனியை டெட்ராய்ட்டைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு குழுமம் வாங்கி மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கார், லாரி இன்ஜின்களுக்கு வார்ப்புப் பாகங்களைக் கடைந்து கொடுப்பது எங்கள் தொழில். அம்பத்தூரில் ஒரு ஆலை, ஓசூரில் ஒரு ஆலை. எனக்கு அங்கே மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

ஆயிரத்துச் சொச்சம் என்றேன். ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது, எத்தனை வருடத்து மெயில் என்று அடுத்தடுத்துக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். நாங்கள் லோட்டஸ் நோட்ஸ்காரர்கள். டெட்ராய்ட்டில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர், மேஜைக்கு மேஜை அவுட்லுக். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கணக்கு முடிந்துவிட்டது. ஆறு மாதத்தில் எல்லோரையும் அவுட்லுக்குக்கு மாற்றிவிட்டு, நோட்ஸ் சர்வர்களை அணைத்துவிடலாம் என்றார்கள்.

எங்கள் ஐ.டி. துறைத் தலைவர் மேடம் என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பை அவர்கள் பக்கம் திருப்பி, சர்வரில் இருந்த டேட்டாபேஸ் பட்டியலைக் காட்டினேன். மெயில் பாக்ஸ்களைக் கழித்தால் இருநூறுக்கு மேல் மிச்சம் இருந்தன. லீவு விண்ணப்பம், கேட் பாஸ், கருவி அறைக் கையிருப்பு, வாடிக்கையாளர் புகார், வரைபடத் திருத்தம், கேன்டீன் கமிட்டியின் முடிவுகள், பாதுகாப்பு விபத்துப் பதிவு. சிலவற்றை எங்கள் துறை எழுதியது. பலவற்றை அந்தந்தப் பிரிவில் இருந்தவர்களே, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு எழுதியிருந்தார்கள்.

"இதெல்லாம் எக்செல்லிலும் மெயிலிலும் செய்துகொள்ளலாமே" என்றார் ஒருவர்.

மேடம் பதில் பேசவில்லை. மறுநாள் காலை அவர்களை ஓசூருக்கு அழைத்துப்போக வண்டி சொன்னார்.

ஓசூர் ஆலையில் தர ஆய்வுப் பிரிவு மேற்பார்வையாளரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பதை நெருங்கிய மனிதர். டிப்ளமோ படித்துவிட்டு அதே ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தவர். அன்று அவர் மேஜைமேல் ஒரு வார்ப்பு இருந்தது. துளையின் விட்டம் வரைபடத்தில் சொன்னதைவிட நூறில் இரண்டு மில்லிமீட்டர் கூடுதல். அந்த லாட்டில் இருந்த பெட்டிகள் எல்லாவற்றிலும் மஞ்சள் அட்டை கட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட பாகத்தை அனுப்பலாமா, திருத்தலாமா, உருக்கிவிடலாமா என்று யாரும் தனியாக முடிவெடுக்க முடியாது. அதற்காகப் போடுவதுதான் டீவியேஷன் நோட்.

அண்ணன் நோட்ஸில் புதுப் படிவத்தைத் திறந்தார். பாக எண்ணைப் போட்டதும் வாடிக்கையாளர் பெயரும் வரைபடத்தின் கடைசித் திருத்தமும் தாமாக வந்து உட்கார்ந்தன. அளவுகளைப் போட்டார். டிஜிட்டல் கேமராவில் எடுத்த படத்தைச் சேர்த்தார். சேமித்தபோது வரிசை எண் விழுந்தது. இனி அது அம்பத்தூர் டிசைன் பிரிவுக்குப் போகும், அங்கிருந்து உற்பத்திக்கு, பிறகு வாடிக்கையாளரைக் கவனிக்கும் பிரிவுக்கு. ஒவ்வொருவர் ஒப்புதலும், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு என்பதும் அதே காகிதத்தின் அடியில் சேர்ந்துகொண்டே போகும். இடையில் யாரும் ஒரு எழுத்தை மாற்ற முடியாது. பார்க்க உரிமையில்லாதவர்களுக்கு அந்தக் காகிதம் பட்டியலிலேயே தெரியாது.

பிறகு அவர் பழைய ஒன்றைத் திறந்து காட்டினார். 1999-இல் போட்டது. ஒரு வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டு அனுப்பிய ஃபேக்ஸை ஸ்கேன் செய்து உள்ளே சேர்த்திருந்தது. "போன வருஷம் இதே பாகத்துக்கு ஒரு புகார் வந்துது சார். இதத்தான் எடுத்துக் காட்டினோம். பேச்சு அதோட நின்னுபோச்சு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "இது மெயில் இல்ல சார். எங்க கணக்குப் புஸ்தகம்" என்றார்.

ஆலோசகர்களில் மூத்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதன்பிறகு இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த மனிதரை இன்றும் மரியாதையோடுதான் நினைக்கிறேன்.

நோட்ஸ் எப்படிப்பட்ட பொருள் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்று அதைத் தெரிந்தவர்கள் குறைவு, தெரிந்தவர்களிலும் பலர் அதன் பழைய திரையைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்றொரு கணினிக் கல்வி அமைப்பு இருந்தது. ஒருவர் குறிப்பு எழுத, இன்னொருவர் அதன் கீழே பதில் எழுதும் வசதி அதில் 1973-லேயே வந்துவிட்டது. அங்கே மாணவராக இருந்த ரே ஓசி அந்த எண்ணத்தை மனதில் வைத்திருந்து, 1984-இல் ஐரிஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, லோட்டஸ் கம்பெனிக்காக உருவாக்கியதுதான் நோட்ஸ். 1989 இறுதியில் வெளிவந்தது. 1995-இல் ஐ.பி.எம். லோட்டஸை 350 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அடுத்த வருடம் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சந்தைக்கு வந்தது. நோட்ஸ் சர்வருக்கு டாமினோ என்ற பெயர் வந்ததும் அதே 1996-இல்தான்.

நோட்ஸில் மெயில் என்பதும் ஒரு டேட்டாபேஸ்தான். லீவு விண்ணப்பமும் டீவியேஷன் நோட்டும் மெயிலும் ஒரே வகைக் கோப்பில், ஒரே கதவுக்குள் இருக்கும். இன்னொன்று, ரெப்ளிகேஷன். ஓசூருக்கும் அம்பத்தூருக்கும் நடுவே அப்போது எங்களிடம் இருந்தது 64 கிலோபிட் லீஸ்டு லைன். மழைக்காலத்தில் அடிக்கடி போய்விடும். போனாலும் ஓசூரில் வேலை நிற்காது. அவர்களுடைய சர்வரில் அவர்களுடைய பிரதி இருக்கும். லைன் வந்ததும் இரண்டு சர்வர்களும் பேசிக்கொண்டு, மாறியதை மட்டும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிக்கொள்ளும். இரவு ஷிஃப்ட்டில் லைன் போன நாட்களில்கூட டீவியேஷன் நோட் ஒன்றும் தவறியதில்லை.

மேடம் டெட்ராய்ட்டுக்கு ஒரு பக்கத்தில் எழுதினார். மெயிலை மாற்றுவது பெரிய காரியமில்லை, ஆனால் படிவங்களை மாற்ற அவற்றை ஒவ்வொன்றாகப் புதிதாக எழுத வேண்டும், அதற்கு எத்தனை வருடம் ஆகும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, அதுவரை இரண்டையும் இணைத்து ஓட்டுகிறோம், அனுமதி கொடுங்கள். கொடுத்தார்கள். ஒரு வருடம் என்று பேச்சு.

இணைப்பது என்றதும் பலர் இரண்டு சர்வருக்கு நடுவே ஒரு கம்பி இழுப்பதாக நினைக்கிறார்கள். மெயிலைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய உண்மைதான். எஸ்.எம்.டி.பி. என்ற பொது மொழி 1982-லிருந்தே இருக்கிறது. எந்த மெயில் சர்வரும் இன்னொன்றோடு பேசும். மெயில் போய் வருவதை முதல் வாரத்திலேயே முடித்துவிட்டோம். ஆனால் அந்த மெயிலை யாருக்கு அனுப்புவது? அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

அவுட்லுக்கில் இருப்பவர் தன் அட்ரஸ் புக்கில் எங்கள் ஆட்கள் பெயரைப் பார்க்க வேண்டும், எங்களவர்கள் அவர்கள் பெயரைப் பார்க்க வேண்டும். அதற்காக ஒரு டைரக்டரியில் இருப்பதை இன்னொன்றில் இரவுதோறும் எழுதிவைக்கும் ஏற்பாட்டைச் செய்தோம். மறுநாள் காலை டெட்ராய்ட்டிலிருந்து ஒரு மெயில் வந்தது: "டியர் மிஸ்டர் எஸ்."

அங்கே பெயர் என்றால் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். பட்டியலில் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். நம் ஊரில் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்று. அதைக் கொண்டுபோய்க் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டது இயந்திரம். எஸ். குமார் என்பவர் "எஸ், குமார்" ஆனார். அம்பத்தூரிலும் ஓசூரிலும் எஸ் இன்ஷியல் உள்ள அத்தனை பேரும் ஒரே கும்பலாக எஸ் எழுத்தின் கீழே வந்து நின்றார்கள். குமாரைத் தேடினால் யாருமே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு இன்ஷியலை மாற்றிக்கொண்ட பெண்கள் இரண்டிரண்டு பேராக இருந்தார்கள். பழைய இன்ஷியலில் ஒருவர், புதியதில் ஒருவர். சம்பளப் பிரிவில் இருந்த ஒரு அம்மாவுக்கு வந்த மெயிலில் பாதி, யாரும் திறக்காத ஒரு பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது.

இதை மென்பொருளால் சரிசெய்ய முடியவில்லை. பணியாளர் பிரிவின் பதிவேட்டை வாங்கிவந்து, நானும் இன்னொரு தம்பியும் மூன்று வாரம் உட்கார்ந்தோம். ஒவ்வொருவருக்கும் பட்டியலில் தெரிய வேண்டிய பெயரைக் கையால் எழுதினோம். பெயர், இன்ஷியல், பிரிவு, ஆலை. சந்தேகம் வந்தால் அவரையே ஃபோனில் கூப்பிட்டு, "சார், உங்க பேர எப்படிப் போடணும்?" என்று கேட்டோம். ஒருவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லப்பா. முழுப் பேரையும் போட்டுடு" என்றார். அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னார். முழுதும் போட்டோம். அந்த மூன்று வார வேலையை அந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த வேலையாக நான் நினைக்கிறேன். மைக்ரேஷன் செய்திருந்தாலும் இதே பெயர்கள்தான் வந்திருக்கும், இதே தவறுகளோடு வந்திருக்கும். அவசரத்தில் யாரும் உட்கார்ந்து திருத்தியிருக்க மாட்டார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவே நாங்கள் வைத்தது ஒரே ஒரு சர்வர். அதில் எக்ஸ்சேஞ்ச் 2003 இருந்தது. நோட்ஸோடு பேசுவதற்கான இணைப்பு அந்தப் பதிப்பில் கூடவே வந்தது. அது வேலை செய்ய வேண்டுமானால் அதே மெஷினில் நோட்ஸையும் நிறுவ வேண்டும். போட்டிக் கம்பெனிகள் இரண்டின் மென்பொருளும் ஒரே பெட்டிக்குள் குடியிருந்தன. ரே ஓசி அந்த வருடம் ஜூன் மாதம் பில் கேட்ஸிடமிருந்து மைக்ரோசாஃப்டின் தலைமை மென்பொருள் வடிவமைப்பாளர் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருந்தார் என்பதைப் பின்னாளில் ஒரு பத்திரிகையில் படித்தேன். நோட்ஸைப் பெற்றவர் அங்கே, எங்கள் நோட்ஸ் இங்கே. அந்தச் செய்தியை வெட்டி சர்வர் அறைக் கதவில் ஒட்டிவைத்தேன்.

அடுத்து டீவியேஷன் நோட். டெட்ராய்ட்டில் இருந்த தர நிர்வாகியின் ஒப்புதலும் இப்போது அதில் வேண்டும். அவரிடம் நோட்ஸ் இல்லை. எங்களுக்குள் என்றால் மெயிலில் ஒரு சின்ன காகிதப் படம் வரும், அதைத் தட்டினால் அந்தப் படிவமே திறக்கும். அவுட்லுக்கில் அந்தப் படத்துக்கு உயிர் இல்லை. பல நாள் யோசித்துவிட்டு, விடை கையிலேயே இருப்பதைக் கண்டோம். டாமினோ ஒரு வெப் சர்வரும்கூட. அதே படிவத்தை பிரவுசரில் திறக்கும்படி திருத்தி, மெயிலில் சாதாரண வெப் முகவரியை அனுப்பினோம். தன் விண்டோஸ் பாஸ்வேர்டிலேயே அவர் உள்ளே வரும்படி, டாமினோவை அவர்களுடைய டைரக்டரியிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளச் சொன்னோம்.

முதல் ஒப்புதலுக்காக இரவில் காத்திருந்தோம். அண்ணன் ஓசூரில், நான் அம்பத்தூரில், ஃபோன் காதில். 11 மணி 40 நிமிடத்துக்குப் பட்டியலில் அந்த வரி பச்சையாக மாறியது. பதினைந்து நிமிடம் கழித்து ரெப்ளிகேஷன் ஓடியபோது ஓசூரிலும் மாறியது.

"வந்துடுச்சு தம்பி" என்றார் அண்ணன். அந்தப் பக்கம் மஞ்சள் அட்டையைக் கழற்றும் சத்தம் கேட்டது.

மற்றதெல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல வரவில்லை. நோட்ஸில் ஒருவருக்கொருவர் பூட்டி அனுப்பும் மெயில்கள் அந்தப் பக்கம் போனால் திறக்காது, அதற்கு வழியே கிடைக்கவில்லை. சம்பள விவரத்தை மெயிலில் அனுப்பாதீர்கள் என்று நிதிப் பிரிவிடம் சொல்லிவிட்டோம். வேலையை விட்டுப் போன ஒருவருடைய பெயரைப் பார்த்து ஒரு பக்கம், "அவர் அங்கே இருக்கிறார்" என்று நினைக்கும், அந்தப் பக்கம் "இல்லை, உங்களிடம்தான்" என்று திருப்பும். அவருக்கு வந்த மெயில் இரண்டு சர்வருக்கும் நடுவே அலைந்து, ஒவ்வொரு முறையும் தலையில் ஒரு ரிசீவ்டு வரியைச் சேர்த்துக்கொண்டு, வரம்பைத் தாண்டியபின் அனுப்பியவரிடமே வந்து விழும். அந்த வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்துப் படித்து, எந்த இடத்தில் திரும்பியது என்று கண்டுபிடிப்பது என் காலை வேலைகளில் ஒன்று.

ஆனால் எங்களை உண்மையில் ஆட்டிவைத்தது காலண்டர்.

கூட்ட அழைப்புக்கும் ஒரு பொது மொழி இருக்கிறது. ஐகாலண்டர், 1998-லிருந்து. ஒரு தடவை மட்டும் நடக்கும் கூட்டமென்றால் சிக்கலில்லாமல் போய்ச் சேரும். வாராவாரம் நடக்கும் கூட்டத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. அவுட்லுக் ஒரு விதியை எழுதிவைக்கும்: ஒவ்வொரு திங்கட்கிழமையும் டெட்ராய்ட் நேரம் காலை 9 மணி. நோட்ஸ் அப்படி வைக்காது. ஒவ்வொரு தேதியையும் தனித்தனியாக எழுதிப் பட்டியலாக வைத்துக்கொள்ளும். முடிவுத் தேதியே இல்லாத கூட்டம் என்பது அதற்குப் புரியாது. ஆக, நடுவே இருக்கும் சர்வரில் ஒரு சிறு மென்பொருள் அந்த விதியைப் படித்து, தேதிகளாக விரித்து, எங்கள் பக்கம் அனுப்ப வேண்டும்.

2005-இல் அமெரிக்கா ஒரு எரிசக்திச் சட்டத்தை நிறைவேற்றியது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் வழக்கம் அங்கே உண்டு. அதுவரை ஏப்ரல் முதல் ஞாயிறு அன்று தள்ளுவார்கள். அதை மார்ச் இரண்டாம் ஞாயிறு என்று அந்தச் சட்டம் மாற்றியது. 2007-இல்தான் முதல்முறை நடைமுறைக்கு வந்தது, மார்ச் 11 அன்று. உலகமெங்கும் கணினிகளுக்கெல்லாம் புது விதியைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. நாங்களும் பிப்ரவரியில் அந்தத் திருத்தத்தை வரிசையாகப் போட்டோம். நோட்ஸ் சர்வர்களை எங்கள் பட்டியலில் எழுதினோம். எக்ஸ்சேஞ்ச் சர்வர்களை அவர்கள் பட்டியலில் எழுதினார்கள். நடுவே நின்ற சர்வர் இரண்டு பட்டியலிலும் இல்லை.

மார்ச் 12, திங்கட்கிழமை. இரவு 7.30-க்கு வாராந்திர தர ஆய்வுக் கூட்டம். வாடிக்கையாளர் தரப்பு இன்ஜினியரும் அன்று லைனில் வருவதாக இருந்தது. ஓசூரில் ஒரு பெரிய லாட் மஞ்சள் அட்டையோடு காத்திருந்தது. அதை விடுவிப்பதற்கான பேச்சு. எங்கள் தரப் பிரிவுத் தலைவர் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஓசூரிலிருந்து சேர்ந்துகொண்டார். எண்ணைப் போட்டோம். லைனில் யாருமில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். டெட்ராய்ட்டில் ஒருவரை நேராகக் கூப்பிட்டபோது, "ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிட்டதே, உங்களுக்காகக் காத்திருந்தோம்" என்றார். அங்கே காலை 9 மணிக்குத்தான் கூடியிருந்தார்கள். ஆனால் அன்று அவர்களுடைய 9 மணி எங்களுக்கு மாலை 6.30.

வாடிக்கையாளர் அடுத்த வாரம்தான் நேரம் தருவதாகச் சொன்னார். அந்த லாட் இன்னும் ஏழு நாள் தரையில் கிடந்தது. ஃபோனை வைப்பதற்கு முன் அண்ணன் சொன்னார்: "தம்பி, பொட்டி உள்ளுக்குள்ள எங்கியோ தப்பு இருக்கு. எங்கன்னு பாரு." கோபமே இல்லாமல் சொன்னார். அதனால்தான் அன்று இரவு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

ஒரே அழைப்பை இரண்டு திரையில் திறந்துவைத்தேன். அவுட்லுக்கில் ஒரே வரி விதி. நோட்ஸில் தேதிப் பட்டியல். அந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதினேன். மார்ச் 5, 7.30. மார்ச் 12, 7.30. மார்ச் 19, 7.30. மார்ச் 26, 7.30. ஏப்ரல் 2, 6.30. அதற்குப் பிறகு எல்லாம் 6.30. நடுவில் மூன்றே மூன்று வரி தவறு. பழைய சட்டத்துக்கும் புதுச் சட்டத்துக்கும் இடைப்பட்ட மூன்று வாரம். விதியைத் தேதியாக விரித்த சர்வருக்கு மட்டும் புதுச் சட்டம் தெரியவில்லை என்பது அந்தத் தாளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

திருத்தத்தைப் போட அரை மணி நேரம் ஆனது. ஏற்கெனவே விரிந்துபோன கூட்டங்களைச் சரிசெய்ய இரண்டு இரவு. நாற்பதுக்கும் மேற்பட்ட கூட்டத் தொடர்கள். ஒவ்வொன்றையும் கூட்டியவரிடம் சொல்லித் திரும்ப அனுப்பச் சொன்னோம். இந்தப் பக்கம் இருந்த ஒவ்வொருவரையும் ஃபோனில் கூப்பிட்டு, "அடுத்த ரெண்டு திங்கக்கிழமை 6.30-ன்னு ஒரு தடவை பாத்துக்கங்க சார்" என்றோம். அன்றிலிருந்து எங்கள் சுவரில் மூன்றாவதாக ஒரு பட்டியல் தொங்கியது. அதில் ஒரே ஒரு சர்வரின் பெயர்.

ஒரு வருடம் என்று தொடங்கியது நீண்டுகொண்டே போனது. 2008-இல் டெட்ராய்ட் எக்ஸ்சேஞ்ச் 2007-க்கு மாறியது. அந்தப் பதிப்பில் நோட்ஸுக்கான இணைப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆகவே எல்லா 2003 சர்வர்களும் போனபிறகும், எங்கள் நடு சர்வர் ஒன்றை மட்டும் அணைக்காமல் வைத்திருக்க வேண்டியிருந்தது. இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். அந்த இணைப்புகளைக் கம்பெனிகள் நட்பினால் கொடுக்கவில்லை. அவுட்லுக்கை விட மனமில்லாதவர்களை டாமினோ சர்வருக்கு இழுக்க ஐ.பி.எம்.மும் ஒரு இணைப்பை விற்றது. எதிராளியின் வாடிக்கையாளர் நடந்து வருவதற்காக இரு தரப்பும் போட்ட பாலம் அது. அதன்மேல் நாங்கள் நின்று பிழைத்துக்கொண்டோம்.

செலவு கூடியதும் உண்மை. இரண்டு வகை சர்வர், இரண்டு வகை லைசென்ஸ், இரண்டையும் தெரிந்த ஆட்கள். நள்ளிரவில் டைரக்டரி நின்றுபோனால் எழுப்பப்படுகிறவன் நான். 2011-இல் மெயிலையும் காலண்டரையும் முழுதாக அவுட்லுக்குக்கு மாற்றுவது என்று முடிவானபோது நான் மறுப்புச் சொல்லவில்லை. நானே முன்னின்று செய்தேன். கடிதம் எந்தப் பெட்டியில் இருந்தாலும் கடிதம்தான். இந்த ஐந்து வருடத்தில் படிவங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தோம். யாரும் தொடாதவற்றை மூடினோம், லீவு விண்ணப்பம் போன்றவற்றைக் குழுமத்தின் பொது மென்பொருளுக்குக் கொடுத்தோம். மிச்சமிருந்த முப்பது நாற்பதுதான் ஆலையின் உயிர்நாடி. அவை டாமினோவிலேயே இருந்தன, அவுட்லுக் மெயிலில் வரும் வெப் முகவரி வழியாகத் திறந்துகொண்டு. 2006-இல் ஆறு மாதத்தில் மாற்றியிருந்தால் எது உயிர், எது சருகு என்று தெரியாமலே எல்லாவற்றையும் வெட்டியிருப்போம். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை.

நடு சர்வரை அணைத்த அன்று மேடம் வந்திருந்தார். திரையில் கடைசியாக ஓடிய வரிகளைப் பார்த்துவிட்டு, "நீயே அமத்துப்பா" என்றார்.

பிறகு நான் வேறு வேலைக்குப் போனேன். மேடம் ஓய்வு பெற்றார். 2018 டிசம்பரில் நோட்ஸையும் டாமினோவையும் ஐ.பி.எம். எச்.சி.எல்.லுக்கு விற்கிறது என்ற செய்தி வந்தது. வேறு சில மென்பொருள்களும் சேர்த்து 180 கோடி டாலர். அடுத்த வருடம் நடுவில் கைமாறியது. எச்.சி.எல். நிறுவனர் சிவ் நாடார் திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழிக்காரர். இல்லினாயில் கருவான ஒரு பொருள் அவருடைய கம்பெனிக்கு வந்து சேர்ந்ததைக் கேட்டதும், நான் முதலில் ஃபோன் செய்தது அண்ணனுக்கு. அவரும் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். "அப்ப நம்ம புஸ்தகம் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்ங்கற" என்றார்.

அந்த வருடம் தீபாவளிக்கு முன் ஒரு வேலையாக ஓசூர் போனவன் பழைய ஆலைக்குள்ளும் எட்டிப்பார்த்தேன். அண்ணனுடைய மேஜையில் இப்போது ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பிரவுசரில் டீவியேஷன் நோட் திறந்திருந்தது. வரிசை எண்ணைப் பார்த்தேன், பதினோராயிரத்தைத் தாண்டியிருந்தது. முதல் எண் 1997-இல் விழுந்தது. நடுவில் ஒரு எண்கூட விடுபடவில்லை.